டூரிங் பைக்கில் வழக்கமில்லாத அதிர்வு: மூலத்தைக் கண்டுபிடிக்கும் முழு வரிசை

பைக்கில் புதிதாக ஓர் அதிர்வு வந்தால் பெரும்பாலோர் முதலில் வீல் பேலன்ஸ் செய்கிறார்கள். சரியாகவில்லை என்றால் டயர், அப்புறம் செயின் செட், அப்புறம் கோன் செட் (ஹேண்டில்பார் திரும்புவதற்கான கழுத்து பேரிங்). கழற்றி வீசிய பொருள்களில் பாதி நன்றாகவே இருந்திருக்கும். அதிர்வு மட்டும் போகாது.

ஸ்பானரை எடுப்பதற்கு முன்பே பதில் தெரிந்திருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த அதிர்வு எதனோடு சேர்ந்து கூடுகிறது, எதனோடு சேர்ந்து குறைகிறது? எஞ்சின் சுற்றோடா, சக்கரத்தின் வேகத்தோடா, பிரேக்கோடா, ஏற்றிய சுமையோடா? கீழே உள்ள வரிசை முழுவதும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் போகிறது. நடுவில் ஒரு படியைத் தாண்டினால் அடுத்த படியின் முடிவை நம்ப முடியாது.

1. முதலில், இதை ஓட்டலாமா?

ஓட்டிப் பார்த்துத்தான் பல விஷயங்கள் தெரியும். ஆனால் சில பைக்குகளை ஓட்டிப் பார்க்கவே கூடாது. நிறுத்திய இடத்திலேயே இவற்றைப் பாருங்கள்: இரண்டு ஆக்சில் நட்டுகளும் இறுகியிருக்கின்றனவா, பிரேக் கேலிப்பர் போல்ட்டுகள் இடத்தில் இருக்கின்றனவா, டயரில் எங்காவது புடைப்போ உள்நூல் தெரியும் வெட்டோ இருக்கிறதா, பின்சக்கரத்தைக் கையால் பக்கவாட்டில் அசைத்தால் லொடலொடக்கிறதா, செயின் தொங்கி ஸ்விங்ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கையில்) அடிக்கிறதா, எண்ணெய் ஒழுகி டயரில் பட்டிருக்கிறதா.

இதில் ஒன்று இருந்தாலும் ஓட்டும் சோதனை கிடையாது. நேராக அந்தப் பகுதிக்கே போய்விடுங்கள். படிப்படியாக வளர்ந்த அதிர்வைவிட, ஓடும்போது திடீரென்று தொடங்கிய அதிர்வு ஆபத்தானது. அது ஏதோ கழன்றதன் அல்லது உடைந்ததன் அடையாளமாக இருக்கலாம். அப்படியென்றால் வண்டியை ஓரங்கட்டி அங்கேயே பார்க்க வேண்டும். அடுத்த ஊர் வரை தள்ளிப்போடக் கூடாது.

2. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல், நம்பகமான காற்றழுத்த மானி, டார்க் ரெஞ்ச் (போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் கருவி), டார்ச், அளவுகோல், சில கேபிள் டைகள், பெயின்ட் மார்க்கர், சின்ன நோட்டு. முன்சக்கரத்தைத் தூக்க ஒரு ஜாக்கி அல்லது பேடாக் ஸ்டாண்ட் வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் உள்ள பைக்கில் பின்பக்க வேலைகள் பாதி சுலபம்.

முக்கியமாக இன்னொரு ஆள் வேண்டும். சக்கரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தனியாக ஆட்டிப் பார்ப்பவர்கள் பேரிங் ஆடுகிறதா, ஸ்டாண்ட் ஆடுகிறதா என்று தெரியாமல் குழம்புகிறார்கள்.

அதிர்வை அளக்கும் மொபைல் செயலிகள் உண்டு. உதவும்தான். ஆனால் போனை ஹேண்டில்பாரில் நேரடியாக மாட்டாதீர்கள். பெரிய பைக் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவின் நிலைப்படுத்தும் பாகங்களைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்திருக்கிறது. டேங்க் பேக்குக்குள் அசையாமல் வைத்தால் போதும்.

3. கடைசியாக எதில் கை வைத்தீர்கள்?

அதிர்வு தொடங்குவதற்கு முன் நடந்த வேலைகளை நோட்டில் எழுதுங்கள். டயர் மாற்றம், பஞ்சர், செயின் இறுக்கியது, சர்வீஸ், புது கிராஷ் கார்டு, புது விண்ட்ஸ்கிரீன், டாப் பாக்ஸ், ஏன், வண்டி கழுவியதுகூட. உயர் அழுத்தத் தண்ணீர் பேரிங்குக்குள் புகும். பேலன்ஸ் எடையைப் பிய்த்தும் விடும்.

பட்டியலில் ஏதாவது இருந்தால் அந்த வேலையை முதலில் மறுபடி பாருங்கள். நல்லபடி ஓடிய வண்டியில் ஒருவர் கை வைத்த அடுத்த நாளே வேறு ஒரு பாகம் தற்செயலாகக் கெட்டுப்போவது அபூர்வம். இந்த ஒரு படியிலேயே தீர்ந்துவிடும் புகார்கள் நிறைய. ஆனாலும் யாருக்கும் இதற்குப் பொறுமை இருப்பதில்லை.

4. காற்று, சுமை: அடிப்படையைச் சரிசெய்தல்

டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தைப் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் உண்மையில் குறைவாகிவிடும். மேனுவலில் தனியாக ஓட்டுவதற்கும், பின்னால் ஆளும் சுமையும் இருக்கும்போது ஓட்டுவதற்கும் வெவ்வேறு அளவு போட்டிருந்தால் அதை மதியுங்கள். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். உங்கள் பைக்குக்கான அளவு அது இல்லை.

அப்புறம் சைட் பாக்ஸ், டாப் பாக்ஸ், டேங்க் பேக் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒருமுறை கழற்றிய நிலையில், ஒருமுறை மாட்டிய நிலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பின் ஆக்சிலுக்கும் பின்னால், உயரத்தில் இருக்கும் எடை முன்சக்கரத்தை இலேசாக்குகிறது. ஹேண்டில்பார் ஆட்டம் டாப் பாக்ஸைக் கழற்றியதும் நின்றுவிட்டால், சுமையைக் கீழே, முன்னே நகர்த்துங்கள். பின் ஸ்பிரிங்கின் ப்ரீலோடை, அதாவது முன்கூட்டியே தரும் இறுக்கத்தை, சுமைக்கு ஏற்றபடி கூட்டுங்கள். ஆனால் அதோடு விட்டுவிட வேண்டாம். நல்ல நிலையில் உள்ள பைக், அனுமதித்த சுமையைத் தாங்க வேண்டும். சுமை பல நேரம் கோன் செட்டிலோ டயரிலோ ஏற்கெனவே இருக்கும் தேய்மானத்தை வெளியே காட்டத்தான் செய்கிறது.

5. ஓட்டிப் பார்த்தல்

காலியான, நேரான, நல்ல தார்ச்சாலை வேண்டும். கோடு கீறிய கான்கிரீட் சாலை வேண்டாம். அந்தக் கோடுகளே முன்சக்கரத்தை நெளிய வைக்கும். டயர் சூடாகட்டும். பல நாள் நிறுத்தி வைத்த பைக்கின் டயரில் தரையில் பட்ட இடம் தட்டையாகி, முதல் சில கிலோமீட்டருக்கு உதறும். சூடானதும் அது போய்விடும்.

முதலில் வேகத்தை மெதுவாகக் கூட்டி, அதிர்வு எந்த வேகத்தில் தொடங்குகிறது, எதில் உச்சம், எதில் மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கே தெரிகிறது என்பதையும் சேர்த்து: ஹேண்டில்பாரிலா, சீட்டிலா, ஃபுட்ரெஸ்டிலா, கண்ணாடியில் மட்டுமா? கையில் தெரிந்தால் முன்பக்கம், சீட்டில் தெரிந்தால் பின்பக்கம் என்பது பொதுவாகச் சரி. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஃப்ரேம் அதிர்வை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுபோகும்.

*அ. ஒரே வேகம், வேறு வேறு கியர்.* உதாரணமாக மணிக்கு 80 கி.மீ.-இல் நாலாவது, ஐந்தாவது, ஆறாவது கியர்களில் ஓட்டுங்கள். சக்கரம் ஒரே வேகத்தில் சுற்றுகிறது. எஞ்சின் மட்டும் வெவ்வேறு சுற்றில். கியர் மாற்றியும் அதிர்வு மாறவில்லையென்றால் எஞ்சினை விட்டுவிடலாம். கியரோடு மாறினால் சக்கரத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

*ஆ. கிளட்ச்சை அழுத்தி உருட்டுதல்.* அதே வேகத்தில் கிளட்ச்சைப் பிடித்து எஞ்சினை ஐடிலுக்கு இறக்குங்கள். எஞ்சினை அணைக்க வேண்டாம். அதிர்வு அப்படியே இருந்தால் சக்கரம், டயர், பேரிங். நின்றுவிட்டால் அடுத்ததற்குப் போங்கள்.

*இ. கிளட்ச்சை அழுத்தியபடியே த்ராட்டிலைக் கொஞ்சம் திறத்தல்.* எஞ்சின் சுற்று ஏறியதும் அதிர்வு திரும்ப வந்தால் எஞ்சின் பக்கம். வரவில்லையென்றால்? இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். கிளட்ச்சை அழுத்தினால் நின்றுவிட்டதே, அப்போது எஞ்சின்தான் என்று முடிவு கட்டுகிறார்கள். கிளட்ச்சை அழுத்தும்போது எஞ்சினின் விசை செயினுக்கோ, சில பைக்குகளில் செயினுக்குப் பதிலாக இருக்கும் ஷாஃப்டுக்கோ (சுழலும் தண்டுக்கோ) போவதும் நின்றுவிடுகிறது. ஆகவே கிளட்ச்சை அழுத்தினால் மறைந்து, வெறும் த்ராட்டிலுக்குத் திரும்ப வராத அதிர்வு, விசை கடந்துபோகும் வழியில் இருக்கிறது: செயின், ஸ்ப்ராக்கெட், பின்வீல் ரப்பர்கள், ஷாஃப்ட் ஜாயின்ட், சில சமயம் கிளட்ச்சே. இழுக்கும்போது மட்டும் எஞ்சின் எரிப்பைத் தவறவிட்டாலும் இதே அறிகுறிதான். அது 11-ஆவது படியில் வருகிறது.

*ஈ. த்ராட்டிலைத் திறந்தும் மூடியும்.* கிளட்ச்சை விட்ட நிலையில், இழுக்கும்போது மட்டுமா, விட்டு இறங்கும்போது மட்டுமா என்று பாருங்கள். மணிக்கு 80-இலிருந்து 60-க்கு இறங்கும்போது ஹேண்டில்பார் இடம் வலமாக உதறினால் அது 9-ஆவது படிக்கான விஷயம்.

*உ. பிரேக்.* முன் பிரேக்கை மட்டும் மிருதுவாக, பிறகு பின் பிரேக்கை மட்டும். உங்கள் டூரிங் பைக்கில் இணைந்த பிரேக் அமைப்பு இருந்தால், ஒன்றைப் பிடித்தாலும் இரண்டும் வேலை செய்யும். அப்போது இந்தச் சோதனையை வைத்து முன்னா பின்னா என்று பிரிக்க முடியாது. டிஸ்க்கை அளந்துதான் பார்க்க வேண்டும்.

*ஊ. காற்று.* உயரமான விண்ட்ஸ்கிரீன் பின்னால் உருவாகும் சுழல்காற்று ஹெல்மெட்டைக் குலுக்கும். ஹேண்டில்பாரும் நடுங்குவதுபோல் தோன்றும். குனிந்தும் நிமிர்ந்தும் பாருங்கள். அதிர்வு மாறினால் ஸ்கிரீன் உயரத்தை மாற்றிப் பாருங்கள். மெக்கானிக் வேலையே இல்லை.

கைகளை விட்டுவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். பிடியைத் தளர்த்தி, உள்ளங்கை க்ரிப்பில் பட்டும் படாமலும் இருந்தாலே ஆட்டம் தெரியும். ஓடும்போது ஆட்டம் பெரிதாகிவிட்டால் ஹேண்டில்பாரை முறுக்கிப் பிடிக்காதீர்கள்; பிரேக்கை அழுத்தாதீர்கள். உடம்பை முன்னே சாய்த்து, த்ராட்டிலை மெல்லக் குறையுங்கள்.

6. கணக்கு போட்டுச் சரிபார்த்தல்

இதைத் தாண்டிப் போகலாம் என்று தோன்றும். ஆனால் ஐந்து நிமிடக் கணக்கு அரை நாள் கழற்றலை மிச்சப்படுத்தும்.

180/55-17 அளவுள்ள பின் டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. என்பது நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். ஆக, சக்கரம் நொடிக்கு 14 முறை சுற்றுகிறது. சக்கரத்தில் ஓரிடம் கனமாக இருந்தால் நொடிக்கு 14 உதைகள். கைக்கு இது உதறலாகத் தெரியும்.

அதே வேகத்தில் எஞ்சின் 4,500 ஆர்பிஎம்-இல் ஓடினால் நொடிக்கு 75 சுற்று. அது உதறலாகத் தெரியாது. ரீங்காரமாக, விரல் மரத்துப்போகிற கூச்சமாகத் தெரியும். முன் ஸ்ப்ராக்கெட்டில் 17 பல், பின்னதில் 42 பல் என்றால் முன் ஸ்ப்ராக்கெட் நொடிக்கு 35 முறை சுற்றும். இரண்டுக்கும் நடுவில் ஒரு முரட்டு அதிர்வு.

செயின்தான் சுவாரசியமானது. 114 கண்ணியுள்ள செயின் ஒரு முழுச் சுற்று வர, 42 பல் சக்கரம் 2.7 முறை சுற்ற வேண்டும். 100 கி.மீ. வேகத்தில் செயின் நொடிக்கு 5 சுற்றுதான். 30 கி.மீ. வேகத்தில் ஒன்றரைச் சுற்று. செயினில் ஓரிடம் மட்டும் இறுக்கமாக இருந்தால், மெதுவாகப் போகும்போது பைக் விட்டுவிட்டு இழுப்பதுபோல் ஒரு துடிப்பு வரும். இது சக்கரத்தின் துடிப்பைவிட மெதுவானது என்பதால் எண்ணியே பிரித்துவிடலாம்.

ஹேண்டில்பார் தானாக இடம் வலம் ஆடும் ஆட்டம் நொடிக்கு சுமார் 4 முதல் 10 முறை. அதன் வேகம் சக்கர வேகத்தோடு அவ்வளவாக மாறாது. உயர்வேகத்தில் வண்டி முழுவதுமாக நெளிவது அதைவிட மெதுவாக, நொடிக்கு இரண்டு முதல் நான்கு முறை இருக்கும்.

7. சக்கர வேகத்தோடு ஓடும் அதிர்வு

முதலில் டயர். உள்ளங்கையை மிதிப்பரப்பின்மேல் ஒரு திசையிலும், பிறகு எதிர்த்திசையிலும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம்போலவும் இருந்தால் டயர் கட்டைகள் சாய்வாகத் தேய்ந்திருக்கின்றன. காற்றழுத்தம் குறைவாக வைத்து ஓட்டியதும் ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் கால்களின்) டேம்பிங், அதாவது துள்ளலை அடக்கும் திறன், போனதும் முக்கியக் காரணங்கள். அதைச் சரிசெய்யாமல் டயரை மட்டும் மாற்றினால் புது டயரும் அப்படியே தேயும்.

பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று வட்டமாக ஓடும். ரிம் விளிம்பிலிருந்து அந்தக் கோட்டுக்குள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் டயர் ரிம்மில் முழுதாக உட்காரவில்லை. எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் அது தீராது. காற்றை இறக்கி, சோப்பு நீர் தடவி, மறுபடி உட்கார வைக்க வேண்டும். பக்கச்சுவரில் உள்ள சுழல் திசை அம்புக்குறியையும், நாலு இலக்கத் தயாரிப்பு எண்ணையும் பாருங்கள். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

டயருக்குள் பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றியிருந்தால் அதைச் சந்தேகியுங்கள். நிறுத்தி வைத்தபோது அடியில் தேங்கிக் கெட்டியாகி, சக்கரத்தின் ஒரு பக்கத்தைக் கனமாக்கிவிடும். கரடுமுரடான பாதையில் ஓட்டியவர்கள் ரிம்மின் உள்புறத்தில் காய்ந்த சேற்றையும் தேடுங்கள்.

பேலன்ஸ் எடை விழுந்திருந்தால் ரிம்மில் சுத்தமான ஒரு செவ்வகத் தடமோ பசைக் கறையோ தெரியும். வீட்டிலேயே பேலன்ஸ் பார்க்க, கழற்றிய சக்கரத்தை ஆக்சிலோடு இரண்டு தாங்கிகளின்மேல் வைத்துச் சுழலவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடம் அடியில் வந்து நின்றால் அதுதான் கனமான பக்கம்; எதிர்ப்பக்கத்தில் எடை ஒட்ட வேண்டும். 60 கிராமுக்கும் மேல் தேவைப்பட்டால் ஒட்டிக்கொண்டே போகாதீர்கள். டயரைக் கழற்றி, ரிம்மில் வேறு நிலைக்குத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

ரிம் வளைவுக்கு டயல் கேஜ் (நுண்ணிய கோணலை அளக்கும் மானி) இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஃபோர்க் காலில், பின்னால் என்றால் ஸ்விங்ஆர்மில், ஒரு கேபிள் டையைக் கட்டி அதன் முனையை ரிம் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வெட்டுங்கள். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றினால் இடைவெளி கூடுவதும் குறைவதும் கண்ணுக்குத் தெரியும். பல மேனுவல்களில் பக்கவாட்டுக்கும் மேல்கீழுக்கும் 2 மி.மீ. வரைதான் அனுமதி; சில இன்னும் கண்டிப்பு. ஸ்போக் சக்கரமென்றால் ஒவ்வொரு ஸ்போக்கையும் ஸ்பானரால் தட்டிப் பாருங்கள். மற்றவை கணீரென்று ஒலிக்கும்போது ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது.

பேரிங்குக்கு, தூக்கிய சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிறகு முன்னும் பின்னும் பிடித்து ஆட்டுங்கள். முன்சக்கரத்தில் ஆட்டம் தெரிந்தால் நண்பரை ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியை அசையாமல் பிடிக்கச் சொல்லுங்கள். அப்போதும் சக்கரம் ஆடினால் வீல் பேரிங். நின்றுவிட்டால் கோன் செட் அல்லது ஃபோர்க் புஷ். பின்னால் ஸ்விங்ஆர்மையும் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அது ஃப்ரேமில் அசையும் அச்சான பிவட் தேய்ந்தாலும் இதே அறிகுறிதான்.

8. விசை போகும் வழி: செயின், ரப்பர், ஷாஃப்ட்

ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறேன். செயினைப் பார்க்கும்போது எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், சக்கரத்தைக் கையால்தான் சுழற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினைத் துணியால் துடைத்து விரலை இழந்தவர்கள் உண்டு.

செயின் தளர்வை ஓரிடத்தில் மட்டும் அளக்காதீர்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி ஆறேழு இடங்களில் அளங்கள். ஓரிடத்தில் 20 மி.மீ., இன்னோரிடத்தில் 40 மி.மீ. என்றால் செயின் சமமில்லாமல் நீண்டிருக்கிறது. அதை அட்ஜஸ்ட் செய்து காப்பாற்ற முடியாது; ஸ்ப்ராக்கெட்டுகளோடு சேர்த்து மாற்ற வேண்டும். மடங்காமல் விறைத்து நிற்கும் கண்ணியும் சுழற்றும்போதே கண்ணில் படும்.

அதிகமாக இறுக்குவதுதான் புதியவர்களின் வாடிக்கையான தவறு. சுமை ஏறும்போது ஸ்விங்ஆர்ம் மேலே போகும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் பிவட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் நிலையில்தான் செயின் உச்ச இறுக்கத்தில் இருக்கும். நிறுத்திய நிலையிலேயே விறைப்பாக இருந்தால், ஆளும் பெட்டியும் ஏறி ஒரு குழியில் இறங்கும்போது அது கம்பிபோல் இழுபடும். அதிர்வு வருவது ஒரு பக்கம். கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்ட் பேரிங் கெடுவது இன்னொரு பக்கம். மேனுவலில் சொன்ன அளவு, சொன்ன ஸ்டாண்டில். இரண்டும் முக்கியம்.

பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்விளிம்பில் செயினைப் பிடித்து இழுங்கள். பல்லின் பாதி உயரத்துக்கு விலகி வந்தால் தேய்மானம் முடிந்துவிட்டது. ஸ்விங்ஆர்ம் கோடுகளை நம்பிச் சக்கரத்தை நேராக வைக்காதீர்கள். பிவட் நடுவிலிருந்து ஆக்சில் நடுவுக்கு இரு பக்கமும் அளந்து ஒப்பிடுங்கள்.

த்ராட்டிலைத் திறக்கும்போதும் மூடும்போதும் ‘டக்’கென்று அடித்து, இழுப்பு சொரசொரப்பாக இருந்தால் பின்வீல் ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்களைப் பாருங்கள். பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்ப்ராக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பினால், எதிர்ப்பில்லாமல் வெறுமனே நகரும் தூரம் அதிகமாக இருக்கக் கூடாது. சக்கரத்தைக் கழற்றும்போது ஸ்ப்ராக்கெட் தாங்கி அழுத்தமே இல்லாமல் கையோடு வந்தால் ரப்பர் சுருங்கிவிட்டது.

ஷாஃப்ட் பைக்கில், ஃபைனல் டிரைவ் எண்ணெயை வடித்து வடிகால் போல்ட்டின் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல்நிறப் பசை இருந்தால் சாதாரணம். செதில் செதிலாக உலோகம் இருந்தால் பேரிங் போகிறது. ஷாஃப்டைக் கழற்றி மாட்டிய பிறகு அதிர்வு வந்திருந்தால், இரண்டு ஜாயின்ட்டுகளும் ஒன்றுக்கொன்று சரியான கோண நிலையில் மாட்டப்பட்டனவா என்று பார்க்க வேண்டும். ஒரு பல் தள்ளிப் போட்டாலும் சுழற்சி சீராக இருக்காது.

9. ஹேண்டில்பார் ஆட்டம்

முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க் கால்களின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். ‘டொக்’கென்று ஓர் அசைவு தெரிந்தால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. பிறகு ஹேண்டில்பாரை இரண்டு விரலால் இடமிருந்து வலமாக மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால் பேரிங் தடத்தில் குழி விழுந்துவிட்டது. இறுக்கிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். கேபிளோ வயரோ இழுப்பதால் வரும் தடையை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தளர்வு தெரிந்ததும் பலர் பலத்தைக் காட்டி இறுக்குகிறார்கள். அதிகம் இறுகினால் மெதுவாகப் போகும்போது பைக் நேர்கோட்டில் நிற்காமல் அலையும். குழியும் சீக்கிரம் விழும். மேனுவலில் உள்ள டார்க் அளவுதான் அளவு.

கோன் செட் நன்றாக இருந்தும் ஆட்டம் இருந்தால் முன் டயரின் தேய்மானம், காற்று, சுமை மூன்றுக்கும் திரும்புங்கள். அப்புறம் முன் ஆக்சிலை மாட்டிய வரிசை. ஆக்சிலை இறுக்கி, ஃபோர்க்கைச் சில முறை அழுத்தி எழுப்பி, அதன் பிறகே பின்ச் போல்ட்டை (ஃபோர்க் காலின் அடியில் ஆக்சிலைக் கவ்விப் பிடிக்கும் போல்ட்டை) இறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஃபோர்க் கால்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, மேலும் கீழும் சரளமாகப் போகாது.

10. பிரேக் பிடிக்கும்போது மட்டும்

லீவர் விரலைத் திருப்பித் திருப்பித் தள்ளினால் டிஸ்க். கழற்றும் முன் துடையுங்கள். பேட் பொருள் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தாலும் இதே துடிப்புதான் வரும். டிஸ்க் போல்ட்டுகளின் இறுக்கம், மிதக்கும் டிஸ்க் என்றால் அதன் பாபின்கள் (டிஸ்க்கை நடுப்பகுதியோடு இணைக்கும் சிறு உருளைகள்) துருப்பிடித்து இறுகியிருக்கின்றனவா, கேலிப்பர் பின்கள் சரளமாக நகர்கின்றனவா என்றும் பாருங்கள். டயல் கேஜில் 0.3 மி.மீ.-க்கு மேல் கோணல் காட்டினால் பெரும்பாலான பைக்குகளில் அது எல்லை தாண்டியது. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்.

லீவர் துடிக்கவில்லை, ஆனால் முன்பக்கம் ‘டொக்’கென்று இடிக்கிறது என்றால் டிஸ்க்கை விட்டுவிட்டுக் கோன் செட்டுக்குப் போங்கள். முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசைத்து, ஃப்ரேம் கழுத்துக்கும் கீழ் ஃபோர்க் தட்டுக்கும் இடையே விரலை வைத்தால் இடைவெளி அசைவது விரலுக்குத் தெரியும்.

11. எஞ்சின் சுற்றோடு ஓடும் அதிர்வு

எல்லா எஞ்சினும் அதிரும். வரிசையாக நாலு சிலிண்டர் உள்ள எஞ்சின் சுற்றுக்கு இரண்டு முறை அதிரும். உயர் சுற்றில் விரல் கூசுவது அதன் பிறவிக் குணம். 90 பாகை வி-ட்வின் முதன்மை அதிர்வைத் தானே சமன் செய்துகொள்ளும். ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட் இருந்தாலும் மிச்சம் இருக்கும். ஆகவே நீங்கள் தேட வேண்டியது, முன்பு இல்லாமல் இப்போது வந்திருக்கும் மாற்றத்தை மட்டும்.

காற்றோட்டமான இடத்தில், நியூட்ரலில், ஐடிலில் இருந்து சுற்றை மெல்ல ஏற்றுங்கள். ஒரு குறிப்பிட்ட சுற்றில் மட்டும் ரீங்காரம் வந்தால் அந்தச் சுற்றிலேயே நிறுத்தி, நண்பரைக் கிராஷ் கார்டு, கண்ணாடி, ரேக், ஃபேரிங், விண்ட்ஸ்கிரீன் என ஒவ்வொன்றாகக் கையால் அழுத்தச் சொல்லுங்கள். சைலன்சரும் ஹெட்டர் குழாயும் சுடும். அவற்றைக் கை படாமல், அணைத்து ஆறிய பிறகு பார்க்க வேண்டும். எதை அழுத்தியதும் நிற்கிறதோ அதன் போல்ட்டும் ரப்பரும்தான் வேலை. ஹேண்டில்பார் முனையில் இருக்கும் எடைகள் கழன்று விழுந்தாலோ, வேறு க்ரிப் கார்டு போட அவற்றைக் கழற்றியிருந்தாலோ கையில் கூச்சம் சட்டென்று கூடிவிடும்.

டூரிங் பைக்குகளில் அடிக்கடி தவறவிடும் இடம் கிராஷ் கார்டு. பல மாடல்களில் அதை எஞ்சின் மவுன்ட் போல்ட்டுகளோடு சேர்த்துத்தான் மாட்டுகிறார்கள். அதைப் போடும்போது எஞ்சினைத் தாங்கும் போல்ட்டைக் கழற்றி, ஏதோ ஓர் இறுக்கத்தில் திரும்பப் போட்டுவிடுவார்கள். பல மேனுவல்களில் இந்தப் போல்ட்டுகளுக்கு வரிசையும் டார்க்கும் தந்திருக்கும். வரிசை தவறினால் எஞ்சின் ஃப்ரேமில் முறுகி உட்காரும். எல்லாவற்றையும் தளர்த்தி, முதலிலிருந்து வரிசைப்படி இறுக்குங்கள். அடிபட்டு வளைந்த கார்டைக் கட்டாயப்படுத்தி மாட்டியிருந்தால், கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

வெளிப்பாகங்கள் சரியென்றால் எஞ்சினின் சீர்மை. பல சிலிண்டர் எஞ்சினில் த்ராட்டில் பாடிகள் (சிலிண்டர்களுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பகுதிகள்) ஒத்து இயங்காவிட்டால் குறைந்த சுற்றில் கரடுமுரடாக ஓடும். வால்வ் இடைவெளியை முதலில் பார்த்துவிட்டுத்தான் அதைச் சமன் செய்ய வேண்டும். இடைவெளி மாறினால் சமன் செய்ததும் மாறிவிடும். நியூட்ரலில் நன்றாக ஓடி, மேட்டில் இழுக்கும்போது மட்டும் குலுங்கினால் ஸ்பார்க் பிளக், காயில், எரிபொருள் வழி. எஞ்சின் எண்ணெயில் உலோகத் துகள், உள்ளிருந்து கட்டையைத் தட்டுவதுபோன்ற சத்தம் இரண்டில் ஒன்று இருந்தாலும் அதற்குமேல் ஓட விடாதீர்கள்.

12. சரிசெய்த பிறகும், ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கும்போதும்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் அதே சாலை, அதே காற்றழுத்தம், அதே சுமையில் 5-ஆவது படியைத் திரும்பச் செய்யுங்கள். டயரும் கோன் செட்டும் ஒரே நாளில் மாற்றி அதிர்வு போனால், எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. அடுத்த முறை மறுபடி இரண்டையும் வாங்குவீர்கள்.

டார்க் வைத்து இறுக்கிய போல்ட்டுகளில் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். 100 கி.மீ. ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், கோடு விலகியிருக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று டார்ச் வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும்.

மெக்கானிக்கிடம் போவதென்றால் ‘வண்டி அதிருது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் ஊகித்து ஏதாவது ஒன்றை மாற்றுவார். நோட்டில் இருப்பதைச் சொல்லுங்கள்: ‘85-இல் தொடங்கி 95-இல் உச்சம். கியர் மாற்றினாலும் மாறவில்லை. கிளட்ச் பிடித்தாலும் இருக்கிறது. சீட்டில் தெரிகிறது. பின் ரிம்மில் எடை விழுந்த தடம் இல்லை.’ இவ்வளவு கேட்டதும் நல்ல மெக்கானிக் நேராகப் பின்சக்கரத்துக்குப் போவார். சுமை ஏற்றினால் மட்டும் வரும் அதிர்வு என்றால் பெட்டிகளைப் பொருளோடு மாட்டியபடியே வண்டியைக் கொண்டுபோங்கள். காலி வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லையே’ என்று அவர் சொன்னால் அது அவர் தப்பில்லை.